எத்தாளையில் ஓய்வுகாலம்

புத்தளம் நகருக்குத் தெற்கே பாலாவிச் சந்தியில் கொழும்பு வீதியை விட்டு மேற்கே திரும்பி, வடக்கு நோக்கி நீண்டு கிடக்கும் கற்பிட்டிக் குடாநாட்டுப் பாதையில், வலப்புறத்தே களப்பின் அசைவற்ற நீரும் இடப்புறத்தே தென்னந்தோப்புகளுக்கு அப்பால் சமுத்திரத்தின் ஓயாத ஓசையும் உடன்வர, நுரைச்சோலையையும் கடந்து சென்றால் எத்தாளை என்னும் ஊர் வருகிறது. களப்பின்மேல் சூரியன் உதிப்பதையும் கடலில் அவன் அஸ்தமிப்பதையும் ஒரே ஊரில் இருந்துகொண்டு காணக்கூடிய இடங்கள் இலங்கையில் மிகுதியாக இல்லை. அவற்றுள் இக்குடாநாடு ஒன்று. பக்கத்திலுள்ள ஆலங்குடாக் கரையில் மார்கழி, தை மாதங்களில் படகேறிச் செல்பவர்கள், டொல்பின்கள் பெருங்கூட்டமாக எழுந்து ஆகாயத்தில் சுழன்று விழும் காட்சியைக் காண்கிறார்கள். சற்று வடக்கே, 1992-இல் கடற் சரணாலயமாகப் பிரகடனம் செய்யப்பட்ட பவளப்பாறைத் தொடர் நீருக்கடியில் விரிந்து கிடக்கிறது. களப்பைத் தாண்டி வடகிழக்கே பார்த்தால் வில்பத்து வனத்தின் பச்சைக்கோடு தெரிகிறது.

இவ்வளவு ரமணீயமான இடத்தைப் பார்த்துவிட்டுக் கொழும்பின் நெரிசலுக்குத் திரும்பும் ஒருவருடைய மனத்தில், உத்தியோகம் முடிந்து பிள்ளைகளும் தத்தம் வழியே சென்றபின் இங்கே ஒரு துண்டுக் காணி வாங்கி, சிறு வீடொன்று கட்டி, மீதி ஆயுளை விச்ராந்தியாகக் கழித்தால் என்ன என்ற எண்ணம் எழுவது மிகவும் இயற்கை. 2012-ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையில் அறுபது வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் நூற்றுக்கு 12.4 பேராக, அதாவது எட்டுப் பேரில் ஏறக்குறைய ஒருவராக இருந்தார்கள். அந்த விகிதம் ஆண்டுக்காண்டு ஏறிக்கொண்டே போகிறது. ஆகவே முதுமைக்கு ஏற்ற ஊர் எது என்ற கேள்வி ஒருசிலருடைய சொந்த ஆசையைப் பற்றியதாக மட்டும் இனி இருக்க முடியாது. யுத்தம் 2009-இல் முடிந்தபின் இக்கரையோரத்தில் விடுதிகள் பல எழுந்தன. காணி தேடி வருபவர்களும் பெருகினார்கள். அவர்களுள் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் எழுதுவினைஞர்களும் உண்டு. வளைகுடா நாடுகளில் உழைத்துத் திரும்பியவர்களும் உண்டு. கனடாவிலும் இங்கிலாந்திலும் குளிரில் முப்பது ஆண்டு கழித்துவிட்டு வெயிலுக்கு ஏங்கும் நம்மவர்களும் உண்டு.

அப்படி வருபவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான். கடலைப் பார்ப்பதற்கு முன்னால் கிணற்றைப் பாருங்கள். கிணறு என்று நான் சொல்லும்போது, அந்த நீரையும், அதை உங்களுக்கு முன்பிருந்தே பங்கிட்டுக் குடித்துவரும் அயலவர்களையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதுமையில் இடம் மாறுவது நமக்குப் புதிய சிந்தனை அன்று. இல்லற தர்மத்தை நிறைவேற்றியவன் வனம் புகவேண்டும் என்று தர்மசாஸ்திரங்கள் வகுத்தன. சங்ககாலத்துப் புலவரான பிசிராந்தையாரோ, ஆண்டு பல சென்றும் தமக்கு ஏன் நரை தோன்றவில்லை என்று கேட்டவர்களுக்குக் காரணங்களை எடுத்துச் சொன்னார்: மாண்புடைய மனைவி, நிரம்பிய மக்கள், தம் கருத்தறிந்து நடக்கும் ஏவலர், முறை தவறாமல் காக்கும் அரசன், இவற்றுக்கெல்லாம் மேலாக, அடக்கமும் நற்குணமும் நிறைந்த சான்றோர் பலர் வாழும் தம் ஊர். அவர் அடுக்கிய காரணங்களில் மலையின் எழிலும் இல்லை, நீர்நிலையின் குளிர்ச்சியும் இல்லை. பாண்டி நாட்டுச் சிற்றூர் ஒன்றில் அவை இல்லாமற் போயிருக்கும் என்று நான் எண்ணவில்லை. ஆயினும் முதுமையின் சுகத்தைக் கணக்கெடுக்கும்போது அப்புலவர் மனிதர்களையே எண்ணினார் என்பது நம் ஆலோசனைக்கு உரியது.

இதற்குச் சரித்திரத்தில் பிரத்தியட்சமான ஓர் உதாரணம் நம்மிடையே உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து யாழ்ப்பாணத்து இளைஞர்கள் பலர், மிஷன் பாடசாலைகளில் ஆங்கிலம் கற்று, மலாயாவின் புகையிரத நிலையங்களிலும் நில அளவைக் கந்தோர்களிலும் அரசாங்க அலுவலகங்களிலும் வேலைக்குச் சேர்ந்தார்கள். அவர்களுள் பெருந்தொகையினர், வேலைக்காலம் முடிந்ததும் உபகாரச் சம்பளத்தோடு தத்தம் கிராமத்துக்கே திரும்பினார்கள். 'மலாயன் பென்சனியர்' என்று ஊரார் அவர்களை அழைத்தனர். அவர்கள் கட்டிய ஓட்டு வீடும் விறாந்தையும், மாதந்தவறாது கடல் கடந்து வந்த பணமும் ஊரின் தோற்றத்தையே மாற்றின. அந்தப் பணத்தின் ஒரு பகுதி கோயிலுக்கும் வாசிகசாலைக்கும் பாடசாலைக்கும் போயிற்று. அவர்களுடைய வாழ்வு ஸ்திரமாக இருந்ததற்குக் காரணம் பென்சன் மட்டும் அன்று. அவர்கள் திரும்பிச் சென்ற இடத்தில் ஒவ்வொரு வேலிக்கு அப்பாலும் ஒரு மச்சானோ மாமியோ இருந்தார்கள் என்பதே பெரிய காரணம். நோயுற்றால் வந்து விசாரிக்க ஆள் இருந்தது. கிணற்று நீர் எப்போது உவர்க்கும் என்பதைச் சொல்லித்தர ஒருவரும் வேண்டியிருக்கவில்லை. குழந்தைப் பருவத்திலிருந்தே அவர்களுக்கு அது தெரியும்.

எத்தாளைக்கு அழகைத் தேடி வருகிறவருக்கு இந்த அனுகூலம் கிடையாது. அவர் அறுபது வயதில் அந்த ஊரைப் பொறுத்தவரை நேற்றுப் பிறந்தவர். இந்தக் குடாநாடோ யாருமற்ற வெற்று மணல் அன்று. டச்சுக்காரர் 1667-இல் தொடங்கி 1676-இல் கட்டி முடித்த கோட்டை கற்பிட்டியில் இன்றும் நிற்கிறது. தமிழ்ப் புலவர்களின் சரிதங்களை ஆங்கிலத்தில் தொகுத்து 1859-இல் 'தமிழ் புளூட்டாக்' என்ற நூலாக வெளியிட்ட சைமன் காசிச்செட்டி 1807-இல் கற்பிட்டியிலேயே பிறந்தவர். தலவிலையிலுள்ள புனித அன்னம்மாள் ஆலயத்துத் திருவிழாவுக்குத் தமிழரும் சிங்களவரும் ஆயிரமாயிரமாக வந்து கூடுகிறார்கள். முஸ்லிம்களும் கத்தோலிக்கரும் தோட்டம் செய்தும் வலை இழுத்தும் பல தலைமுறைகளாக இங்கே வாழ்கிறார்கள்.

இன்னொரு சாராரைப் பற்றியும் சொல்லாமல் அப்பால் செல்ல எனக்கு மனம் வரவில்லை. 1990-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், விடுதலைப் புலிகள் வட மாகாணத்து முஸ்லிம்களைச் சில நாட்களுக்குள், சில இடங்களில் சில மணி நேரத்துக்குள்ளேயே, வெளியேறச் சொன்னபோது, ஏறக்குறைய எழுபத்தையாயிரம் பேர் வீடு வாசலை விட்டு வந்தார்கள். அவர்களுள் பெரும்பகுதியினர் புத்தளத்திலும் இந்தக் குடாநாட்டிலும் கிடுகுக் கொட்டில்களில் அடைக்கலம் புகுந்தார்கள். அன்று முப்பது வயதில் கைக்குழந்தையோடு மன்னாரிலிருந்தும் முசலியிலிருந்தும் வந்தவர்கள் இன்று அறுபத்தைந்தைத் தாண்டிய முதியவர்கள். அவர்களுக்கு இது விரும்பித் தெரிந்தெடுத்த ஓய்வூர் அன்று. திரும்பிப் போவதா, பிள்ளைகள் வேரூன்றிவிட்ட இந்த மண்ணிலேயே இருந்துவிடுவதா என்ற கேள்வியோடு முதுமையை அடைந்தவர்கள் அவர்கள். அகதிகளாக வந்த அத்தனை பேருக்கும் தண்ணீர் கொடுத்தது இந்த மண். ஓய்வுக்காக வருகிறவர் வாங்கும் காணிக்கு வேலியடைக்கும்போது, அந்த வேலிக்கு அப்பால் இருப்பவர் இவ்வண்ணம் வந்தவராகவும் இருக்கலாம் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இனித் தண்ணீரைப் பற்றி விரிவாகச் சொல்கிறேன். ஏனெனில் இந்த ஊரின் உயிர் அதிலேயே இருக்கிறது.

குடாநாட்டில் ஆறு கிடையாது. கலா ஓயாவும் மீ ஓயாவும் களப்பின் மறுகரையில் வந்து விழுகின்றன. இங்கே உள்ள நன்னீர் முழுவதும் வானத்திலிருந்து விழுந்து மணலுக்குள் இறங்கியதே. வாடைக்காற்றுக் காலத்தில், முக்கியமாக ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழை, வடிந்தோட வாய்க்கால் தேடாமல் விழுந்த இடத்திலேயே மண்ணுக்குள் போய்விடுகிறது. அங்கே அதற்குக் கீழே கடல்நீர் இருக்கிறது. ஒரு பக்கம் சமுத்திரமும் மறுபக்கம் களப்பும் மணலினூடே ஊடுருவி நிற்கின்றன. நன்னீர் கடல்நீரைவிட இலேசானது. ஆகையால் பாலின்மேல் ஆடை கிடப்பதுபோல் அந்த உவர்நீரின்மேல் மெல்லிய படலமாக மிதக்கிறது. இதன் விதியைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கைபென் என்ற டச்சுக்காரரும், 1901-இல் ஹெர்ஸ்பெர்க் என்ற ஜெர்மானியரும் தனித்தனியே வகுத்துரைத்தார்கள். கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் ஓரடி உயர்ந்து நின்றால், அதற்குக் கீழே சுமார் நாற்பது அடி வரை நன்னீர் இறங்கியிருக்கும் என்பது அவர்கள் கண்ட கணக்கு.

கேட்கும்போது இது பெரிய பாக்கியமாகத் தோன்றும். ஆனால் அதே கணக்கு மறுபுறமாகவும் வேலை செய்கிறது. மோட்டாரை ஓயாமல் இயக்கி நீர்மட்டத்தை ஓரடி தாழ்த்தினால், அடியிலுள்ள உவர்நீர் காலப்போக்கில் நாற்பது அடி மேலெழ முற்படும். ஆழமாகத் துளையிட்டால் நல்ல நீர் கிடைக்கும் என்று உள்நாட்டில் பழகியவர் நினைப்பார். இங்கே ஆழம் போகப்போக உப்பே வரும். அதனால்தான் இந்தப் பக்கத்துப் பழைய கிணறுகள் ஆழமற்றவையாக இருக்கின்றன. நீராடும் தடாகம் கட்டிப் புல்தரை வளர்த்து நாள்முழுதும் தெளிப்பான் சுழலவிடும் ஒரு வீடு, தன் காணிக்குள் இருக்கும் தண்ணீரைத்தான் செலவிடுகிறது என்று எண்ணிக்கொண்டிருக்கும்; உண்மையிலோ மணலுக்கடியில் வேலி கிடையாது. அயல் வீட்டுக் கிணறு உவர்க்கத் தொடங்கும்போதுதான் அது தெரியவரும். ஒருமுறை உவர் ஏறிய கிணறு நல்ல மழை பல பெய்து தேறினால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

உப்பைவிட மறைவான துன்பம் ஒன்றும் இருக்கிறது. இந்த மணல் மண் சின்ன வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் பீட்ரூட்டுக்கும் புகையிலைக்கும் பேர் பெற்றது. சத்தற்ற மணலில், கிணற்று நீரை இறைத்து, வருஷத்துக்கு ஒரு போகத்துக்கு மேல் பயிர்செய்து உழவர்கள் பிழைக்கிறார்கள். அதற்கு உரம் மிகுதியாக வேண்டியிருக்கிறது. இட்ட உரத்தில் பயிர் உட்கொள்ளாத பகுதி மழையோடும் இறைத்த நீரோடும் கலந்து, தடுப்பார் யாருமின்றி நேரே நிலத்தடி நீருக்குப் போய்ச் சேர்கிறது. மலசலகூடக் குழிகளிலிருந்து கசிவதும் அதனோடு கூடுகிறது. 1980-களிலிருந்தே விஞ்ஞானிகள் கற்பிட்டிப் பகுதிக் கிணறுகளில் நைத்திரேற்று அளவுக்கு மிஞ்சியிருப்பதை எடுத்துக்காட்டி வந்திருக்கிறார்கள். லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கலாகாது என்பது உலகச் சுகாதார ஸ்தாபனத்தின் வரம்பு. அதற்கு நிறமில்லை, மணமில்லை, சுவையுமில்லை. நீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும். நைத்திரேற்றோ போகாது, நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும். புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைகளுக்கு அது பெருங்கேடு. குருதி பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றலை அது குறைத்து, குழந்தையின் மேனியை நீலம்பாரிக்கச் செய்கிறது. விடுமுறைக்குப் பேரப்பிள்ளைகள் வந்து தங்கவேண்டும் என்று ஆசைப்படும் தாத்தாவும் பாட்டியும் இதை அறிந்திருப்பது அவசியம். கிணற்று நீரை ஆய்வுகூடத்தில் கொடுத்துச் சோதித்துப் பார்க்கலாம். காணியின் விலையோடு ஒப்பிட்டால் அதற்காகும் செலவு அற்பம்.

இவ்விஷயத்தில் உழவனைக் குற்றவாளியாக நிறுத்துவதற்கு நான் உடன்படமாட்டேன். அவனும் அதே கிணற்றில்தான் குடிக்கிறான். அவனுக்கு அரசாங்க உத்தியோகத்தரைப்போல் அறுபதாம் வயதில் வேலையை விட்டு உட்கார முடிவதில்லை. விவசாயிகளுக்கு 1987-இலும் மீனவர்களுக்கு 1990-இலும் ஓய்வூதியத் திட்டங்கள் சட்டமாக்கப்பட்டபோதிலும், கைக்கு வருவது சீவனத்துக்குப் போதுமானதன்று. விடியற்காலையில் கடற்கரையில் உலாவப் போகும் ஓய்வாளர், கரைவலை இழுப்பவர்கள் வரிசையில் எழுபது வயதுக்காரரையும் காண்பார். நமக்கு மனோகரமான காட்சியாக இருப்பது அவருக்கு அன்றைய சோற்றுக்கான பிரயாசை. வலை இழுக்கும் கரையிலும் வாடி போடும் நிலத்திலும் கம்பி வேலி விழுந்தால் அந்தத் தொழில் போய்விடும். குடாநாட்டையும் அதைச் சூழ்ந்த தீவுகளையும் உல்லாசப் பிரயாணத்துக்காக அபிவிருத்தி செய்யும் திட்டம் வந்தபோது மீனவர்கள் எழுப்பிய முறைப்பாடுகளுள் இதுவும் முக்கியமானது.

காற்றைப் பற்றியும் சொல்லவேண்டும். மாசி மாதத்தில் வந்து பார்த்துவிட்டு முன்பணம் கொடுக்கிறவர்கள் கண்டது, கண்ணாடிபோல் கிடக்கும் கடலை. வைகாசியில் சோளகம் தொடங்கினால் மேற்குக் கடல் கொந்தளிக்கும். புரட்டாதி வரை காற்று இரவும் பகலும் ஒரே திசையிலிருந்து அடிக்கும். காற்றில் பட்டமேந்தி அலையில் சறுக்கும் விளையாட்டுக்கு அந்நிய நாட்டு இளைஞர்கள் கற்பிட்டிக்கு வருவதும், மாம்புரிப் பக்கத்தில் காற்றாலைகள் சுழல்வதும் இந்தக் காற்றின் கொடையே. ஆனால் மூட்டுவலியோடும் இளைப்போடும் இருக்கும் ஒரு முதியவருக்கு, மணலையும் உப்பையும் வாரிக்கொண்டு வரும் அதே காற்று வேறு விதமாகப் பேசும். இரும்புச் சாமான்கள் துருவேறும். தகரக் கூரையும் சன்னல் கம்பியும் நகர்ப்புறத்தில் உழைக்கிற காலம் இங்கே உழைப்பதில்லை. தென்னஞ்சலாகையும் மண் ஓடும் இந்தக் கரைக்குப் பொருந்தும் என்பது இங்குள்ள பழைய வீடுகளைப் பார்த்தாலே விளங்கும். நுரைச்சோலை அனல்மின் நிலையத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 2011-இல் இயங்கத் தொடங்கி, இன்று மூன்று பிரிவுகளாக 900 மெகாவாற் திறனோடு நாட்டுக்கு வெளிச்சம் தரும் நிலையம் அது. அதன் நிலக்கரித் தூளும் சாம்பலும் காற்றோடு வந்து வீட்டிலும் பயிரிலும் படிவதாக அயற்கிராமத்தார் நெடுங்காலமாக முறையிட்டு வருகிறார்கள். சுவாச நோயுள்ளவர், எந்தக் காற்றில் எந்தக் காணி நிலையத்துக்கு எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்தே முடிவு செய்யவேண்டும்.

வைத்திய வசதி வேறு. கற்பிட்டியில் அரசாங்க வைத்தியசாலை உண்டு. புத்தளத்தில் அதைவிடப் பெரியது உண்டு. இருதயத்துக்கோ மூளைக்கோ சத்திரசிகிச்சை என்றால் தூரத்திலுள்ள பெரிய வைத்தியசாலைக்குத்தான் போகவேண்டும்; கொழும்பென்றால் ஏறக்குறைய நூற்றைம்பது கிலோமீற்றர். 2016-இல் மேல், தென் மாகாணங்களில் இந்திய உதவியோடு தொடங்கிப் பின்னர் நாடெங்கும் பரவிய 'சுவசெரிய' இலவச அம்புலன்ஸ் சேவையை 1990 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். இருந்தும், இரவில் நெஞ்சுவலி வந்து தனியே கிடக்கும் ஒருவருக்கு, அந்த இலக்கத்தை அழுத்தவும் ஒழுங்கைக்கு வெளியே நின்று வண்டிக்கு வழி காட்டவும் ஒரு மனிதர் வேண்டும். பக்கத்து வீட்டுப் பையனைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் உறவு அதற்கு முன்பே உண்டாகியிருக்க வேண்டும்.

காணி வாங்கும் விவகாரத்தில் கண்ணை மூடிக்கொண்டு இறங்கலாகாது. இப்பகுதிகளில் உறுதிக் காணியும் உண்டு. 1935-ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் குடும்பங்களுக்கு வழங்கப்பட்ட பேர்மிட் காணியும் உண்டு. பின்னதை நினைத்தபடி விற்கவும் வாங்கவும் முடியாது; வெள்ளைத் தாளில் எழுதி முத்திரை ஒட்டிப் பணம் கைமாறினாலும் வாங்கியவருக்கு உரித்து வராது. கரையோரத்தில் 300 மீற்றருக்குள் கட்டடம் எழுப்ப, 1981-ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி பெறவேண்டும். அந்நியப் பிரஜைகளின் பெயருக்குக் காணி மாற்றுவதை 2014-ஆம் ஆண்டின் 38-ஆம் இலக்கச் சட்டம் தடுக்கிறது; இரட்டைப் பிரஜாவுரிமை உடையவர்களுக்கு விலக்கு உண்டு, ஏனையோர் குத்தகைக்கு எடுக்கலாம். வெளிநாட்டுக் கடவுச்சீட்டு எடுத்துக்கொண்ட நம்மவர் பலர் இந்தச் சட்டத்தை அறியாமல், ஊரிலுள்ள உறவினர் ஒருவர் பெயரில் வாங்கிவிடலாம் என்று எண்ணுகிறார்கள். பெயர் யாருடையதோ காணி அவருடையது என்பதைப் பின்னால் நீதிமன்றத்தில்தான் அவர்கள் தெரிந்துகொள்ள நேரிடும்.

இத்தனையும் கேட்டபின் எத்தாளைக்கு வரவே வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் கருத வேண்டாம். வரவேண்டும் என்பதே என் அபிப்பிராயம். ஆனால் ஊரவராக வரவேண்டும். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் மாலையில் தம் விறாந்தையில் நாலு பிள்ளைகளுக்குக் கணக்கோ ஆங்கிலமோ சொல்லிக் கொடுத்தால், அந்த வீட்டு வாசலுக்கு மீன் தானே வந்து சேரும். கந்தோர் அனுபவம் உள்ளவர், பிரதேச செயலகத்துக்கு எழுதும் விண்ணப்பத்தைச் சரியாக எழுதிக் கொடுத்தால் அது பெரிய உபகாரம். கூரைநீரைத் தொட்டியில் பிடித்துக் குடிப்பதற்கு வைத்துக்கொண்டு, மிஞ்சியதை மணலுக்குள் இறங்கவிடும் வீடு, தான் எடுத்த நீரில் ஒரு பங்கைத் திருப்பிக் கொடுக்கிறது. மலக்குழியைக் கிணற்றுக்குத் தூரமாகவும் அடி கசியாதவாறும் கட்டினால் அயலாருக்கும் தீங்கில்லை. புல்தரைக்குப் பதிலாகத் தென்னையும் முருங்கையும் வளர்க்கலாம்; அவை இந்த மணலை அறிந்த மரங்கள்.

ஆகையால் முதலில் காணி தேடவேண்டாம். வாடகைக்கு ஒரு சிறு வீட்டை எடுத்து, சோளகமும் வாடையும் வந்து போகும் முழு வருஷம் ஒன்றைக் கணவனும் மனைவியுமாக இருந்து பாருங்கள். ஆவணியின் காற்றில் உறக்கம் வருகிறதா என்றும், புரட்டாதியில், மழைக்கு முந்திய வறட்சியில், கிணற்று நீர் நாக்கில் எப்படிப் படுகிறது என்றும் தெரிந்துகொள்ளுங்கள். தை பிறந்தபின் ஒருமுறையும் புரட்டாதியில் ஒருமுறையும் அந்த நீரைச் சோதனைக்குக் கொடுங்கள். புத்தளம் வைத்தியசாலைக்குப் பஸ்ஸில் ஒருமுறை போய் வாருங்கள். அந்த வருஷத்துக்குள் அயல்வீட்டுக் கலியாணத்துக்கு உங்களை அழைத்திருந்தால், அதன்பிறகு நொத்தாரிசிடம் போகலாம்.